இலுப்பைப் பூ: சர்க்கரையா, சாராயமா?

ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை. இந்தப் பழமொழியை அறியாத தமிழன் இருக்க முடியாது. ஆபீஸில் சுமாரான ஆள் மேனேஜர் ஆனால் சொல்லுவோம். நல்ல பாடகர் வராத கச்சேரியில் பதிலுக்கு வந்தவரைப் பார்த்துச் சொல்லுவோம். ஆனா இலுப்பைப் பூவைச் சாப்பிட்டிருக்கீங்களான்னு கேட்டா பத்தில் ஒன்பது பேர் முழிப்போம். மரத்தையே பார்த்திராதவர்கள் பாதிப் பேர்.

முதலில் பழமொழியிலேயே ஒரு சின்ன விஷயம். ஆலை என்றதும் புகைபோக்கியும் சங்குச் சத்தமுமாக ஒரு சர்க்கரை மில் மனசில் வரும். அது இல்லை. இங்கே ஆலை என்பது மாடு கட்டிக் கரும்பு பிழியும் பழைய கரும்பாலை. ஆற்றுத் தண்ணீர் பாய்கிற ஊரில் கரும்பு உண்டு, ஆலை உண்டு, வெல்லம் உண்டு. வானம் பார்த்த ஊரிலும் காட்டோர ஊரிலும் இருப்பது இலுப்பை மரம்தான். அந்த ஊர்க்காரனுக்கு இனிப்பு என்றால் அந்தப் பூதான். அதாவது பழமொழி விளையாட்டுக்குச் சொன்னதில்லை. இரண்டு விதமான ஊர்களைப் பற்றிய சமாச்சாரம் அதில் இருக்கு. ஆலை உள்ள ஊர்க்காரன் பார்வையில் சொன்னதால் இலுப்பைப் பூ ஏதோ இரண்டாம் தரம் மாதிரி ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

அந்த இரண்டாம் தரப் பூவின் கதைதான் இந்தப் பதிவு. பசிக்குச் சோறாக இருந்த ஒரு பூவை, சட்டம் வந்து 'இது சாராயம்' என்று சொன்ன கதை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மரமும் பூவும்

வடக்கே இதற்கு மஹுவா என்று பேர். தெற்கே இருப்பதும் வடக்கே இருப்பதும் ஒரே இனத்தின் இரண்டு வகைகள். இலை மட்டும் கொஞ்சம் வித்தியாசம்: நம்மூர் மரத்துக்கு ஒடுக்கமான இலை, வடக்கத்தி மரத்துக்கு அகல இலை. சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம், ஜார்க்கண்ட், ஒடிஷா, குஜராத்தின் கிழக்குப் பக்கம், மகாராஷ்டிரத்தின் காட்டு மாவட்டங்கள் எல்லாவற்றிலும் உண்டு.

பிப்ரவரி கடைசியில் இலை உதிர ஆரம்பிக்கும். மார்ச், ஏப்ரலில் பூ. நாம் பூ என்று பொறுக்குவது உண்மையில் முழுப் பூ இல்லை. அல்லி வட்டம் மட்டும்தான். வெள்ளையும் மஞ்சளும் கலந்த நிறம், சதைப்பற்றாக ஒரு குட்டிக் கோலிக்குண்டு மாதிரி இருக்கும். ராத்திரியில் மலரும். பழந்தின்னி வௌவால்கள் வந்து மொய்க்கும். விடிகாலையில் அந்தச் சதைக் கிண்ணம் மட்டும் தானாகக் கழன்று பொத் பொத்தென்று விழும். சூலகம் மரத்திலேயே இருக்கும், பிறகு காயாகும், அதன் கொட்டையிலிருந்துதான் இலுப்பெண்ணெய்.

இதில் ஒரு அழகு பாருங்க. பூவைப் பறிக்கவே வேண்டாம், பொறுக்கினால் போதும். பொறுக்கியதால் காய் குறையாது, மரத்துக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. மார்ச்சில் சர்க்கரை, அதே மரத்தில் சில மாதம் கழித்து எண்ணெய். காய்ந்த பூவில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். வெயிலில் நாலு நாள் காயவைத்தால் பழுப்பேறிச் சுருங்கி உலர்ந்த திராட்சை மாதிரி ஆகிவிடும். பூச்சி அண்டாமல் வைத்தால் அடுத்த மழைக்காலம் வரை தாங்கும். மழைக்காலம்தான் காட்டு ஊர்களில் பஞ்ச காலம். பழைய தானியம் தீர்ந்திருக்கும், புதுசு விளைந்திருக்காது. அந்த இரண்டு மூன்று மாதத்துக்குத்தான் இந்தப் பூ.

கரடி தின்ற மிச்சம்

சங்க இலக்கியத்தில் இதற்கு இருப்பை என்று பேர். அகநானூற்றில் மாமூலனார் பாடிய பாட்டு ஒன்று (331) இருக்கிறது. யானைத் தந்தத்தைக் கடைந்தது போன்ற வெள்ளைப் பூக்கள், அவற்றைக் கூட்டமாக வந்து தின்கிற கரடிகள், கரடி தின்ற மிச்சத்தை மூங்கில் குழாயில் சேர்த்துக்கொண்டு மலையடிச் சிற்றூரின் தெருத்தெருவாகப் போகிற தழையாடைப் பெண்கள் என்று காட்சி விரியும்.

கவிதை நயத்தைப் பண்டிதர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு அதில் பிடித்தது வேறு. ஏறத்தாழ இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு பொறுக்குத் தொழிலின் முழு விவரமும் அதில் இருக்கிறது. யார் பொறுக்கினார்கள்? பெண்கள். எதில்? மூங்கில் குழாயில். போட்டி யார்? கரடி. எங்கே கொண்டுபோனார்கள்? தெருவுக்கு. இன்றைக்கும் மத்திய இந்தியாவில் விடியுமுன் கூடையோடு மரத்தடிக்குப் போவது பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும்தான். கரடியும் இன்னும் வருகிறது. பூ சீசனில் கரடி தாக்கிய செய்திகள் வருஷா வருஷம் வரும். மூங்கில் குழாய் போய் பிளாஸ்டிக் வாளி வந்தது ஒன்றுதான் மாற்றம்!

வெளியூர்க்காரர் ஒருவரின் சாட்சியும் உண்டு. 1330களில் டெல்லிக்கு வந்த மொராக்கோ யாத்ரீகர் இபன் பதூதா மஹுவாவைச் சாப்பிட்டிருக்கிறார். காயவைத்தது அத்திப்பழம் மாதிரி இருந்ததாம். ஊரில் அத்திப்பழம் கிடைக்காததால் அதற்குப் பதிலாக இதைத் தின்றேன் என்று எழுதிவைத்திருக்கிறார். நிறையத் தின்றால் தலைவலி வரும் என்ற எச்சரிக்கையோடு. ஆலை இல்லாத ஊர்ப் பழமொழியை மனிதர் அத்திப்பழத்தை வைத்துச் சொல்லியிருக்கிறார் பாருங்க.

எப்படிச் சாப்பிட்டார்கள்?

'ஒரே இனிப்பான பூவை வைத்து என்ன சமையல்?' என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

ரொம்ப எளிதானது வறுவல். காய்ந்த பூவை எண்ணெய் இல்லாமல் வெறும் சட்டியில் வாசனை வரும்வரை வறுத்து, வறுத்த எள்ளையோ ஆளிவிதையையோ சேர்த்து உரலில் இடிப்பது. எள்ளுருண்டை மாதிரிப் பிடிக்க வரும், வெல்லம் தேவையில்லை. ஜார்க்கண்ட் பக்கம் வறுத்த மக்காச்சோளம், கடலை இவற்றோடு இடித்து லட்டா என்று செய்வார்கள். வயல் வேலைக்குப் போகிறவர்கள் மடியில் கட்டிக்கொண்டு போகிற சாப்பாடு.

இன்னொன்று ரொட்டி. பூவை ஊறவைத்து அரைத்து மாவோடு பிசைந்து தட்டுவது. புதுப் பூவாக இருந்தால் பிழிந்து சாறெடுத்துக் காய்ச்சினால் பாகு, வெல்லப்பாகு செய்கிற எல்லா வேலையும் அது செய்யும். மூன்றாவது ஏழைச் சாப்பாடு: புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, அதோடு பூவையும் போட்டு வேகவைப்பது. சால் மர விதையோடு சேர்த்து வேகவைப்பதும் உண்டு. புளியங்கொட்டைக்கும் பூவுக்கும் காசு கிடையாது, விறகும் காட்டிலிருந்து. ஒரு பைசா செலவில்லாமல் ஒரு வேளை வயிறு நிறையும்.

ஒரு விஷயம் மட்டும் ஜாக்கிரதை. சமைக்கிற பூ அன்றைக்கு விழுந்த சுத்தமான பூவாக இருக்கணும். உள்ளே இருக்கிற மகரந்த நரம்புகளை நீக்கிவிட்டு, மண் போக அலசணும். ஈரத்தோடு குவித்துவைத்தால் தானாகவே புளிக்க ஆரம்பித்துவிடும். இலுப்பைக் கொட்டையும் புண்ணாக்கும் சாப்பாட்டுச் சாமான் இல்லை. புண்ணாக்கு போட்டால் குளத்து மீன் செத்து மிதக்கும், அவ்வளவு காரம்.

இந்தப் பழைய உணவின் நினைவு ஒரு நோன்பிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் பகுதிகளில் பிள்ளைகள் நலனுக்காகத் தாய்மார்கள் ஆவணி வாக்கில் ஹல சஷ்டி என்று ஒரு நோன்பு இருப்பார்கள். ஏர் உழுத நிலத்தில் விளைந்த எதையும் அன்றைக்குத் தொடக் கூடாது. தானாக முளைத்த நெல்லின் அரிசி, எருமைத் தயிர், காய்ந்த மஹுவா. ஏர் வருவதற்கு முந்தைய சாப்பாட்டை வருஷத்துக்கு ஒரு நாளாவது தட்டில் வைத்துப் பார்க்கிற மாதிரி எனக்குத் தோன்றும்.

துரைமார்கள் எழுதிவைத்தது

19-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்கார அதிகாரிகள் சிலர் இதைக் கூர்ந்து கவனித்திருக்கிறார்கள். வாலன்டைன் பால் என்ற நிலவியல் ஆய்வாளர் நிலக்கரி தேடி மான்பூம், ஹசாரிபாக் காடுகளில் சுற்றியவர். அங்குள்ள மக்கள் சாப்பிடும் காட்டுப் பொருள்களைப் பற்றி 1867-லேயே எழுதினார். 1880-இல் வந்த அவருடைய காட்டு வாழ்க்கைப் புத்தகத்திலும் மஹுவா வருகிறது. முங்கேர் மாவட்டத்தில் மாஜிஸ்ட்ரேட்டாக இருந்த எட்வர்ட் லாக்வுட் என்பவர் 1873-74 பீகார் பஞ்சத்தை நேரில் பார்த்தவர். அந்த வருஷம் மஹுவா விளைச்சல் ஆயிரக்கணக்கான ஏழைகளைப் பட்டினியிலிருந்து காப்பாற்றியது என்று பதிவு செய்திருக்கிறார்.

இதை மனசில் குறித்துக்கொள்ளுங்கள். அரசாங்கத்தின் சொந்த அதிகாரிகளே 'இது சாப்பாடு' என்று எழுதிவைத்துவிட்டார்கள். இருபது வருஷத்துக்குள் என்ன ஆச்சுன்னு பார்ப்போம்.

பூவுக்கு ஒரு சட்டம்

இவ்வளவு சர்க்கரை உள்ள பூ சாராயம் ஆகாமல் இருக்குமா? ஆகும். காலங்காலமாக ஆகியும் வந்தது. பீல், கோண்ட் மக்கள் வீட்டிலேயே காய்ச்சினார்கள். பிறப்பு, கல்யாணம், சாவு, சாமி எல்லாவற்றுக்கும் அது வேணும். இதை மறைக்க வேண்டியதில்லை.

1878-இல் பம்பாய் மாகாணத்தில் அப்காரி சட்டம் வந்தது. அப்காரி என்றால் மது வரி இலாகா. வீட்டில் காய்ச்சுவதும் ஊர்ச் சிறு அடுப்புகளும் ஒழிந்து, பெரிய சாராய ஆலைகளில் காய்ச்சி, ஏலம் எடுத்தவர் கடையில் விற்பது என்ற ஏற்பாடு. வரி அரசுக்கு. காட்டுக்காரன் தன் மரத்துப் பூவில் காய்ச்சியதை விட்டுவிட்டு, அதே பூவில் காய்ச்சியதைக் காசு கொடுத்துக் கடையில் வாங்கணும்.

எவன் கேட்பான்? பூ வீட்டில் இருக்கிறது, பானை இருக்கிறது. திருட்டுத்தனமாகக் காய்ச்சினார்கள். ஒவ்வொரு குடிசையாகச் சோதனை போட இலாகாவிடம் ஆள் ஏது? அதனால் 1892-இல் மௌரா சட்டம் என்று தனியாக ஒன்று கொண்டுவந்தார்கள். மௌரா என்றால் மஹுவாதான். பம்பாய்க்கு அக்கம்பக்கத்து தானா, கொலாபா மாவட்டங்களில் உரிமம் இல்லாமல் இந்தப் பூவைச் சேகரித்து வைப்பதும் விற்பதும் குற்றம்.

கவனிக்கணும். காய்ச்சுவது குற்றம் என்பது போய், பூவை வைத்திருப்பதே குற்றம். அரிசி இருந்தால் கள்ளச்சாராயம் காய்ச்சுவான் என்று அரிசிக்கு உரிமம் கேட்பது போல. அரிசிக்கு அப்படி ஒரு சட்டம் போட எந்தத் துரைக்கும் தைரியம் வந்திருக்காது. அரிசி கலெக்டர் வீட்டிலும் இருக்கிறது, வக்கீல் வீட்டிலும் இருக்கிறது. மஹுவா மட்டும் வார்லி, காத்கரி குடிசைகளில்தான் இருந்தது.

இதே காலத்தில் பம்பாய்க்கு எதிரே கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற உரண் ஊரில் பெரிய சாராய ஆலைகள் இந்தப் பூவைக் கொண்டுதான் ஓடிக்கொண்டிருந்தன. குஜராத்தின் பாஞ்ச் மகால் பக்கமிருந்து மூட்டை மூட்டையாகப் பூ வெளியே போனது. 1880களில் பிரான்சுக்குக்கூடக் கப்பலேறியது. அங்கே திராட்சைத் தோட்டங்களைப் பூச்சி அரித்துத் தின்றுகொண்டிருந்த சமயம், மது காய்ச்ச எது கிடைத்தாலும் சரி என்ற நிலை. பிறகு முதல் உலகப் போர் வந்தது. கார்டைட் என்ற வெடிமருந்து செய்ய அசிட்டோன் வேணும். நாசிக்கில் இந்தப் பூவைப் புளிக்கவைத்து அசிட்டோன் எடுக்கத் தொழிற்சாலை போட்டார்கள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் கில்பர்ட் ஃபௌலர் இதில் ஆராய்ச்சி செய்தவர்.

ஆக, மூட்டை ரயிலில் போனால் சரக்கு, கப்பலில் போனால் ஏற்றுமதி, பீரங்கிக்குப் போனால் விஞ்ஞானம். குடிசைப் பரணில் இருந்தால் குற்றம். பூ ஒன்றுதான்!

தேவி வந்து சொன்னது

இதற்கு அந்த மக்கள் சொன்ன பதில்களில் ஒன்று யாருமே எதிர்பார்க்காதது. 1922 நவம்பரில் தெற்கு குஜராத்தின் ஆதிவாசி ஊர்களில் ஆயிரக்கணக்கில் மக்கள் கூடினார்கள். சலாபாய் என்ற தேவி சிலர் மேல் இறங்கிப் பேசினாள். சாராயமும் கள்ளும் வேண்டாம், மாமிசம் வேண்டாம், தினம் குளி, வீட்டைச் சுத்தமாக வை என்பவை அவள் கட்டளைகள். சாராயக் கடைகள் காலியாயின. டேவிட் ஹார்டிமன் என்ற வரலாற்றாசிரியர் இதைப் பற்றி 1987-இல் ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார்.

இதைக் குடி ஒழிப்பு என்று மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். கடைக்காரரிடம் பட்ட கடனுக்கு நிலம் போய்க்கொண்டிருந்தது. காய்ச்சும் உரிமை போய்விட்டது, குடிக்கிற பழக்கம் மட்டும் மிச்சம். 'சரி, எனக்கு உன் சரக்கே வேண்டாம்' என்று எழுந்துவிட்டார்கள். சட்டத்தால் மூட முடியாத கடையை சாமி வந்து மூடிவிட்டது.

சுதந்திரத்துக்கு அப்புறம்

துரைமார்கள் போனதும் பூவுக்கு விடுதலை கிடைத்ததா என்றால், இல்லை. 1949-இல் வந்த பம்பாய் மதுவிலக்குச் சட்டத்திலும் மௌரா பூ தனியாகப் பேர் சொல்லி இடம்பிடித்தது. அப்போது வரிக்காக, இப்போது ஒழுக்கத்துக்காக. காரணம்தான் மாறியது. பூ பொறுக்கியவளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

2006 வன உரிமைச் சட்டம் காட்டுச் சிறுவிளை பொருள்கள் அவற்றைப் பரம்பரையாகச் சேகரித்த மக்களுக்கே சொந்தம் என்று சொன்னது. 2021-இல் மகாராஷ்டிர அரசு பூவைச் சேகரிக்கவும் வைத்திருக்கவும் கொண்டுபோகவும் இருந்த கட்டுப்பாடுகளை நீக்கியது. 1892-லிருந்து கணக்குப் போட்டால் 129 வருஷம். ஒரு மார்ச் மாதம் விழுகிற பூவைப் பொறுக்கி வீட்டில் வைக்க 129 வருஷம்!

அதே 2021-இல் சத்தீஸ்கரின் கோர்பா, சர்குஜா காடுகளில் சேர்த்த காய்ந்த பூ கப்பலில் பிரான்சுக்குப் போனது. ஆமாம், மறுபடியும் பிரான்ஸ். மண் படாமல் இருக்க மரத்தடியில் வலை கட்டிப் பூவைப் பிடிக்கும் முறையும் பரவி வருகிறது. முன்பெல்லாம் பூ கண்ணில் பட வேண்டும் என்று மரத்தடிச் சருகுக்குத் தீ வைப்பார்கள், அது சில சமயம் காட்டுத் தீயாகிவிடும். வலை கட்டினால் அந்தத் தொல்லையும் இல்லை. 2022-இல் மத்தியப் பிரதேசம் ஆதிவாசிகள் காய்ச்சும் மஹுவா மதுவைப் பாரம்பரிய மது என்று விற்கக் கொள்கை கொண்டுவந்தது. பிஸ்கட், ஜாம், லட்டு என்றெல்லாமும் வருகிறது.

நல்லதுதான். ஆனாலும் எனக்கு ஒரு சின்ன உறுத்தல். சர்க்கரை என்றார்கள், சாராயம் என்றார்கள், அசிட்டோன் என்றார்கள், இப்போது சூப்பர் உணவு என்கிறார்கள். பேர் வைப்பவர் ஒவ்வொரு முறையும் வேறு யாரோ. விலையும் பேர் வைப்பவர் கையில். அரசு ஆதரவு விலை ஒன்று இருக்கிறது. ஆனாலும் கைக்காசு இல்லாதவள் ஏப்ரலில் பூவை மலிவாகச் சந்தையில் விற்றுவிட்டு, மழைக்காலத்தில் அதே பூவைக் கூடுதல் விலைக்கு வாங்குவதும் நடக்கிறது. வைத்திருக்கச் சட்டம் விட்டாலும் பசி விடணுமே.

நம்ம ஊரில்

தமிழ்நாட்டில் இந்தப் பூ குற்றவாளி ஆனதில்லை, மறக்கப்பட்டது. புதுக்கோட்டைப் பக்கம் இலுப்பூர், வைத்தீஸ்வரன்கோயில் பக்கத்தில் இலுப்பைப்பட்டு என்று ஊர்ப் பேர்கள் இருக்கின்றன. இலுப்பைப்பட்டு கோயிலின் தலமரமே இலுப்பைதான். கோயில் விளக்குக்கு இலுப்பெண்ணெய் எரித்த காலம் வரை மரத்துக்கு மதிப்பு இருந்தது. பிறகு மின்சார பல்பு வந்தது, ரேஷன் கடையில் சர்க்கரை வந்தது. எண்ணெயும் வேண்டாம், பூவும் வேண்டாம் என்றான பிறகு மரம் எதற்கு? கட்டை நல்ல உறுதி என்று வெட்டினார்கள். புதுசாக வைப்பாரும் குறைவு. பூக்கவே பத்து வருஷத்துக்கு மேல் ஆகும் மரத்தை யார் வைப்பது?

உங்கள் ஊர்க் கோயிலிலோ பழைய சாலையோரத்திலோ ஒரு இலுப்பை இருந்தால் மார்ச் மாதம் காலை ஆறு மணிக்குள் போய்ப் பாருங்கள். வெள்ளையாகக் கொட்டிக் கிடக்கும். சுத்தமாக விழுந்ததாக நாலு பூவை எடுத்து, நரம்பை நீக்கி, அலசி வாயில் போடுங்கள். முதலில் இனிக்கும், பின்னாலேயே கஸ்தூரி மாதிரி ஒரு கனத்த வாசனை வரும். சிலருக்குப் பிடிக்காது. ஆனால் ஒரு பிடி காயவைத்து, எள்ளோடு இடித்து ஒரு உருண்டை சாப்பிட்டுப் பார்த்தால் ஆலை இல்லாத ஊர்க்காரர்கள் ஒன்றும் ஏமாந்தவர்கள் இல்லை என்று தெரியும். மரத்தடியில் விளையாடுகிற பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒன்று கொடுங்கள். பழமொழியை மட்டும் கொடுத்துவிட்டுப் போவதை விட அது நல்லது.